வகுத்தல் விதி: என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்கள்

மாலை நேரத்தில் வீட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு வருடமும் பெருக்கல் விதியைத் தாண்டி வகுத்தல் விதிக்கு வந்ததும் அதே கேள்விகள் வரிசையாக வந்துவிடும். கேட்கும் முகம்தான் மாறும். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன். பின்னத்தில் மேலே இருக்கும் சார்பு யு, கீழே இருப்பது வி, மாறி எக்ஸ். ′ என்ற குறி வகைக்கெழுவை, அதாவது எக்ஸ் மாறும்போது சார்பு மாறும் வேகத்தைக் காட்டும்; வளைகோட்டில் அதுவே சாய்வு. வகுப்பில் எல்லோரும் சொல்வதுபோல் அதை 'டேஷ்' என்று படியுங்கள்.

வகுத்தல் விதின்னா என்னக்கா? முதல்ல இருந்து சொல்லுங்க.

ஒரு சார்பை இன்னொரு சார்பால் வகுத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பின்னத்தின் வகைக்கெழு வேண்டும். அதற்கான வழி இது:

(யு / வி)′ = (வி × யு′ − யு × வி′) / வி²

வாயால் சொன்னால், "வி யு டேஷ் மைனஸ் யு வி டேஷ், பை வி ஸ்கொயர்". யு, வி இரண்டுக்கும் வகைக்கெழு இருக்க வேண்டும், வி பூச்சியம் ஆகக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் விதி செல்லும்.

எக்ஸ்² / (எக்ஸ் + 1) என்பதைப் போட்டுப் பார்ப்போம். யு = எக்ஸ்², யு′ = 2எக்ஸ். வி = எக்ஸ் + 1, வி′ = 1. இந்த நான்கையும் முதலில் ஒரு ஓரமாக எழுதிவிடுங்கள். மனதுக்குள் வைத்துக்கொண்டு நேராக விதிக்குள் போகாதீர்கள். விடை: (2எக்ஸ்(எக்ஸ் + 1) − எக்ஸ்²) / (எக்ஸ் + 1)², சுருக்கினால் (எக்ஸ்² + 2எக்ஸ்) / (எக்ஸ் + 1)². எக்ஸ் = 1 என்ற இடத்தில் இது 3/4. இந்த 3/4 பின்னால் தேவைப்படும்.

மேலே தனியா, கீழே தனியா வகையிட்டு எழுதினா ஏன் தப்பு? கூட்டலுக்கு அப்படித்தானே செஞ்சோம்?

கூட்டலில் ஒன்றின் மாற்றம் மற்றதன் அளவைப் பார்ப்பதில்லை. பின்னத்தில் பார்க்கும். சொல்லி நம்பவைப்பதைவிடப் போட்டுப் பார்ப்பது மேல். எக்ஸ்³ / எக்ஸ் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கினால் எக்ஸ்²; அதன் வகைக்கெழு 2எக்ஸ். மேலும் கீழும் தனித்தனியாக வகையிட்டாலோ 3எக்ஸ்² / 1. எக்ஸ் = 2 என்ற இடத்தில் முன்னது 4, பின்னது 12. ஒரு வளைகோட்டுக்கு ஒரே புள்ளியில் இரண்டு சாய்வு இருக்க முடியாது. விதிப்படி செய்தால் (எக்ஸ் × 3எக்ஸ்² − எக்ஸ்³ × 1) / எக்ஸ்² = 2எக்ஸ் என்று சரியாக வந்து நிற்கும்.

இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நுண்கணிதத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான லைப்னிட்ஸுக்கே இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. 1675 நவம்பரில் எழுதிய கையெழுத்துக் குறிப்புகளில், பெருக்கலையும் வகுத்தலையும் இப்படித் தனித்தனியாகப் பிரித்துச் செய்யலாமா என்று தன்னையே கேட்டு, கூடாது என்று கண்டுகொண்டார். சரியான விதியை அவர் அச்சில் கொண்டுவந்தது 1684இல்.

பெருக்கலுக்கு பிளஸ் வருது. வகுத்தலுக்கு மட்டும் ஏன் மைனஸ்?

பந்தியில் ஆளுக்கு எத்தனை இட்லி கிடைக்கும் என்று யோசியுங்கள். மேலே இட்லி, கீழே ஆட்கள். இட்லி கூடினால் ஆளுக்குக் கிடைப்பது கூடும். ஆட்கள் கூடினால் ஆளுக்குக் கிடைப்பது குறையும். அவ்வளவுதான். மேலே இருப்பதன் மாற்றமாகிய யு′ பிளஸோடு வரும். கீழே இருப்பதன் மாற்றமாகிய வி′ மைனஸோடு வரும்.

சரி, ஆனா எது முதல்ல, எது ரெண்டாவது? பரீட்சையில எனக்கு எப்பவும் மாறிடுது.

மேலே சொன்ன இட்லிக் கணக்கே போதும்: யு′ இருக்கும் உறுப்பு பிளஸ், வி′ இருக்கும் உறுப்பு மைனஸ். பெருக்கல் விதியில் இரண்டையும் எந்த வரிசையில் எழுதினாலும் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கை போய்விடுகிறது. இங்கே வரிசை மாறினால் விடையின் குறியே தலைகீழாகிவிடும்.

பரீட்சை அறையில் பத்து நொடியில் சரிபார்க்க ஒரு வழி உண்டு. யு = எக்ஸ், வி = 1 என்று வையுங்கள். பின்னம் வெறும் எக்ஸ், வகைக்கெழு 1 வர வேண்டும். நீங்கள் எழுதிய வரிசையில் போட்டு 1 வந்தால் சரி, −1 வந்தால் மாற்றி எழுதிவிட்டீர்கள். பாட்டுப்போல ஒப்பிப்பது பதற்றத்தில் மறந்துபோகும். இந்தச் சோதனை மறக்காது, ஏனென்றால் இதில் மறப்பதற்கே ஒன்றும் இல்லை.

கீழே ஏன் வி ஸ்கொயர் வருது? வி மட்டும் போதாதா?

மாற்றத்தை இரண்டு பங்காகப் பாருங்கள். மேலே இருப்பது மாறுவதால் வரும் பங்கு யு′ / வி. கீழே இருப்பது மாறுவதால் வரும் பங்கு −யு × வி′ / வி². முதல் பங்குக்குக் கீழே வி மட்டும்தான் இருக்கிறது, கவனியுங்கள். இரண்டையும் ஒரே பகுதிக்குக் கொண்டுவர முதல் பங்கை மேலும் கீழும் வி-யால் பெருக்குகிறோம். அங்கேதான் மேலே வி × யு′ என்றும் கீழே வி² என்றும் ஆகிறது.

இரண்டாவது பங்கில் வி² எப்படி வந்தது என்றால், 1 / எக்ஸ் என்பதன் வகைக்கெழு −1 / எக்ஸ்² என்று ஏற்கெனவே படித்தோமே, அதே கதைதான்.

மனப்பாடம் பண்ணாம நானே வருவிக்க முடியுமா?

முடியும், மூன்றே வரி. பின்னத்துக்குக் க்யூ என்று பெயர் வையுங்கள். க்யூ = யு / வி என்றால் யு = க்யூ × வி. இப்போது வகுத்தலே இல்லை, பெருக்கல் விதி போடலாம்: யு′ = க்யூ′ × வி + க்யூ × வி′. நமக்கு வேண்டியது க்யூ′, அதைத் தனியாக்கினால் க்யூ′ = (யு′ − க்யூ × வி′) / வி. க்யூ இருக்கும் இடத்தில் யு / வி என்று போட்டு, மேலும் கீழும் வி-யால் பெருக்கினால் விதி வந்துவிடும்.

என் பிள்ளைகளிடம் இதை முதல் நாளே ஐந்து முறை எழுதச் சொல்வேன். விதியை ஐம்பது முறை எழுதுவதைவிட இது நிற்கிறது. மைனஸ் எங்கிருந்து வந்தது என்று கையே பார்த்துவிடுகிறது: ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போன உறுப்பு அது.

பின்னம்னு பார்த்தாலே இந்த விதியைப் போடணுமா?

வேண்டாம். கேள்வியைப் பார்த்ததும் யு, வி என்று எழுதத் தொடங்கும் அவசரம்தான் பல நல்ல பிள்ளைகளின் நேரத்தைத் தின்கிறது. (எக்ஸ்² + 1) / 7 என்றால் 1/7 ஒரு மாறிலி, வெளியே வையுங்கள்: விடை 2எக்ஸ் / 7. 5 / எக்ஸ்⁴ என்றால் 5எக்ஸ்⁻⁴ என்று எழுதி, −20எக்ஸ்⁻⁵ என்று முடித்துவிடலாம். (எக்ஸ்³ + 5எக்ஸ்) / எக்ஸ் என்றால் சுருக்குங்கள். எக்ஸ்² + 5 கிடைக்கும், எக்ஸ் பூச்சியமாக இல்லாத எல்லா இடத்திலும் வகைக்கெழு 2எக்ஸ்.

கீழே ஒரே உறுப்பு இருந்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். கீழே எக்ஸ் + 1 போல இரண்டு உறுப்பு சேர்ந்து நின்றால்தான் விதியைக் கூப்பிட வேண்டிய வேளை.

வி-யோட அடுக்கை மைனஸ் ஒண்ணுன்னு எழுதி பெருக்கல் விதி போட்டா மார்க் குறைப்பாங்களா?

யு × வி⁻¹ என்று எழுதிப் பெருக்கல் விதியும் சங்கிலி விதியும் (சார்புக்குள் சார்பு இருந்தால் போடுவது) போட்டால் யு′ × வி⁻¹ − யு × வி⁻² × வி′ வரும். வி ஸ்கொயர் பற்றிய கேள்வியில் சொன்ன இரண்டு பங்குகளும் இவைதான். கணக்கு முறை முற்றிலும் சரி. கேள்வியிலேயே 'வகுத்தல் விதியைப் பயன்படுத்தி' என்று இருந்தால் மட்டும் விதியையே எழுதுங்கள். சுருக்க வேண்டிய கணக்கில் எனக்கு வகுத்தல் விதியே பிடிக்கும், ஏனென்றால் பொதுப் பகுதி தானாகவே அமைந்துவிடுகிறது.

சுருக்கும்போது மேலே ஒரு வி இருக்கு, கீழே வி ஸ்கொயர் இருக்கு. அடிச்சிடலாமா?

எனக்குத் தெரிந்து அதிக மதிப்பெண்ணைப் பறிக்கும் இடம் இதுதான். விதி தெரிந்த பிள்ளை, வகையிடலும் சரியாகச் செய்த பிள்ளை, கடைசி வரியில் வந்து சறுக்கும். நம் முதல் உதாரணத்தையே பாருங்கள்: (2எக்ஸ்(எக்ஸ் + 1) − எக்ஸ்²) / (எக்ஸ் + 1)². மேலே முதல் உறுப்பில் மட்டும்தான் எக்ஸ் + 1 இருக்கிறது. எக்ஸ்² என்ற உறுப்பில் இல்லை. அடித்தால் (2எக்ஸ் − எக்ஸ்²) / (எக்ஸ் + 1) என்றாகும். எக்ஸ் = 1 போட்டால் 1/2. சரியான விடை 3/4 என்று முன்பே பார்த்தோம். மேலே உள்ள எல்லா உறுப்பிலும் பொதுவாக இருந்தால்தான் அடிக்கலாம்.

அடிக்க வேண்டிய கணக்கும் உண்டு. எக்ஸ்² / (2எக்ஸ் + 1)³ என்பதை வகையிடுங்கள். வி′ = 3(2எக்ஸ் + 1)² × 2; அந்தக் கடைசி 2 சங்கிலி விதியால் வருவது, பாதிப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். மேலே கிடைப்பது 2எக்ஸ்(2எக்ஸ் + 1)³ − 6எக்ஸ்²(2எக்ஸ் + 1)². இரண்டு உறுப்பிலும் (2எக்ஸ் + 1)² இருக்கிறது, வெளியே எடுக்கலாம். கீழே (2எக்ஸ் + 1)⁶. அடித்தபின் மேலே 2எக்ஸ்(2எக்ஸ் + 1) − 6எக்ஸ், அதாவது... இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 6எக்ஸ்²-இல் இருந்து நாம் எடுத்தது (2எக்ஸ் + 1)² மட்டுமே, எக்ஸை எடுக்கவில்லை. ஆகவே மேலே இருப்பது 2எக்ஸ்(2எக்ஸ் + 1) − 6எக்ஸ்² = 2எக்ஸ் − 2எக்ஸ்². இப்படி ஒரு அடுக்கைத் தவறவிடுவதும் அடிக்கடி நடக்கிறது, அதனால்தான் வேண்டுமென்றே காட்டினேன். விடை 2எக்ஸ்(1 − எக்ஸ்) / (2எக்ஸ் + 1)⁴.

கீழே இருப்பதை மட்டும் விரித்து எழுதாதீர்கள். (2எக்ஸ் + 1)⁶ என்பதை விரித்தால் பக்கம் நிறையும், பயன் ஒன்றும் இல்லை.

டேன் எக்ஸுக்கு செக் ஸ்கொயர் எப்படி வந்தது?

டேன் எக்ஸ் என்பது சைன் எக்ஸ் / காஸ் எக்ஸ். விதிப்படி (காஸ் எக்ஸ் × காஸ் எக்ஸ் − சைன் எக்ஸ் × (−சைன் எக்ஸ்)) / காஸ்² எக்ஸ். மேலே காஸ்² எக்ஸ் + சைன்² எக்ஸ் = 1. ஆகவே 1 / காஸ்² எக்ஸ், அதாவது செக்² எக்ஸ். காட், செக், கோசெக் மூன்றையும் இதேபோல் நீங்களே ஒருமுறை செய்துவிடுங்கள்.

இதெல்லாம் எதுக்குக்கா? நிஜத்துல எங்க வரும்?

'ஒன்றுக்கு இவ்வளவு' என்று பேசும் எல்லா இடத்திலும் வரும். கிரிக்கெட்டில் ரன் ரேட் எடுத்துக்கொள்ளுங்கள். யு ரன், வி ஓவர். 10 ஓவரில் 80 ரன், ரன் ரேட் 8. இப்போது ஓவருக்கு 12 என்ற வேகத்தில் அடிக்கிறார்கள் என்றால் யு′ = 12, வி′ = 1. விதிப்படி ரன் ரேட் ஏறும் வேகம் (10 × 12 − 80 × 1) / 10² = 0.4. உண்மையில் 11 ஓவர் முடிவில் 92 / 11, ஏறக்குறைய 8.36, ஏற்றம் 0.36. 0.4 என்பது அந்தக் கணத்தின் வேகம். ஓவர் நகர நகரக் கீழே உள்ள எண்ணும் வளர்வதால் கொஞ்சம் குறைந்துவிட்டது.

ஓவருக்கு 8 அடித்தால் மேலே 80 − 80 = 0, ரன் ரேட் அசையாது. 8-க்கு மேல் அடித்தால் ஏறும், கீழே போனால் இறங்கும். வணிகக் கணிதம் படிப்பவர்கள் சராசரிச் செலவு, இறுதிநிலைச் செலவு என்று படிப்பதும் இதே கணக்குதான்: அடுத்த பொருளைச் செய்ய ஆகும் செலவு சராசரியைவிடக் குறைவாக இருக்கும்வரை சராசரி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. 'நாராயணீயம்' பாடிய மேல்பத்தூர் நாராயண பட்டதிரியின் குரு அச்சுதப் பிஷாரடி, கேரளத்துக் கணித, வானியல் மரபைச் சேர்ந்தவர். கிரகத்தின் அந்தந்தக் கண வேகத்தைக் கணக்கிடும்போது, மேலேயும் கீழேயும் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பின்னத்தின் மாறுவீதம் அவருக்குத் தேவைப்பட்டது. தம் 'ஸ்புடநிர்ணய தந்திரம்' நூலில் அதற்கான வாய்பாட்டைத் தந்திருக்கிறார். அவர் மறைந்தது 1621இல்; லைப்னிட்ஸ் பிறந்தது 1646இல்.

லோபிதால் விதியில மேலும் கீழும் தனித்தனியா வகையிடுறோமே! நீங்க தப்புன்னு சொன்னீங்களே?

பிளஸ் டூ வந்ததும் இந்தக் குழப்பம் வரும், வராவிட்டால்தான் ஆச்சரியம். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். வகுத்தல் விதி, 'இந்தப் பின்னம் எவ்வளவு வேகமாக மாறுகிறது' என்பதைச் சொல்கிறது. லோபிதால் விதி, 'மேலும் கீழும் பூச்சியத்தை நெருங்கும்போது இந்தப் பின்னம் எந்த எண்ணை நெருங்குகிறது' என்பதைச் சொல்கிறது. முன்னது வகைக்கெழு, பின்னது எல்லை.

சைன் எக்ஸ் / எக்ஸ் என்ற ஒன்றிலேயே இரண்டையும் பாருங்கள். எக்ஸ் பூச்சியத்தை நெருங்கும்போது எல்லை வேண்டுமென்றால் காஸ் எக்ஸ் / 1, விடை 1. வகைக்கெழு வேண்டுமென்றால் (எக்ஸ் × காஸ் எக்ஸ் − சைன் எக்ஸ்) / எக்ஸ்². 0/0 அல்லது ∞/∞ வடிவம் இல்லாத இடத்தில் லோபிதாலைத் தொடக் கூடாது.

வி பூச்சியமானா விதி செல்லாது, சரி. அப்போ அங்க வகைக்கெழுவே இருக்காதா?

'விதி செல்லாது' என்பது வேறு, 'வகைக்கெழு இல்லை' என்பது வேறு. மேலே பார்த்த சைன் எக்ஸ் / எக்ஸ், எக்ஸ் = 0 இல் வரையறுக்கப்படவில்லை. ஆனால் அந்த ஒரு புள்ளியில் மதிப்பு 1 என்று நாம் வைத்துவிட்டால் சார்பு தொடர்ச்சியாகிவிடும். அங்கே வகைக்கெழுவும் உண்டு, அது 0. விதியால் அதைப் பெற முடியாது, வகைக்கெழுவின் அடிப்படை வரையறைக்குத் திரும்பிப் போக வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. |எக்ஸ்| + 1 என்ற சார்புக்கு எக்ஸ் = 0 இல் வகைக்கெழு இல்லை, முனை இருக்கிறது. அதை அதனாலேயே வகுத்தால் எங்கும் 1, வகைக்கெழு 0. யு-க்கும் வி-க்கும் வகைக்கெழு இல்லாமலே பின்னத்துக்கு இருக்கிறது.

நீங்க வருவிச்சப்போ க்யூ டேஷ் இருக்குன்னு சும்மாவே எடுத்துக்கிட்டீங்க. அது நியாயமா?

இதைக் கேட்ட பெண்ணை நான் எழுந்து நின்று பாராட்டினேன். நியாயமான ஆட்சேபம். அந்த மூன்று வரி, 'க்யூ′ இருந்தால் அது இதுதான்' என்று காட்டுகிறது. இருக்கிறது என்று காட்டவில்லை.

அந்தக் குறையை 1 / வி-யை வரையறைப்படி வகையிட்டு அடைக்கலாம். எக்ஸுக்குப் பக்கத்தில் எச் தூரம் தள்ளியிருக்கும் வி-யின் மதிப்பை 'புது வி' என்போம். (1 / புது வி − 1 / வி) / எச் என்பதைப் பொதுப் பகுதிக்குக் கொண்டுவந்தால், −((புது வி − வி) / எச்) × 1 / (வி × புது வி). எச் பூச்சியத்தை நெருங்க, முதல் துண்டு −வி′ ஆகிறது. வகைக்கெழு உள்ள சார்பு தொடர்ச்சியானது என்பதால் புது வி, வி-யை நெருங்குகிறது. வி பூச்சியம் இல்லை என்பதால் 1 / வி² தடையின்றிக் கிடைக்கிறது. ஆகவே 1 / வி-க்கு வகைக்கெழு உண்டு, அது −வி′ / வி². அதை யு-வோடு பெருக்கல் விதியில் சேர்த்தால் முழு விதியும் எந்த ஊகமும் இல்லாமல் வரும்.

பெருமம், சிறுமம் கணக்குல கீழ்ப்பகுதியையும் பூச்சியம்னு வைக்கணுமா?

வேண்டாம். இந்தக் கணக்கில் வகைக்கெழு பூச்சியமாகும் இடத்தைத்தான் தேடுகிறோம்; பின்னம் பூச்சியமாக மேலே இருப்பது பூச்சியமானால் போதும். எக்ஸ் / (எக்ஸ்² + 1) என்பதன் வகைக்கெழு (1 − எக்ஸ்²) / (எக்ஸ்² + 1)². கீழே இருப்பது எப்போதும் மிகை. ஆகவே குறியைத் தீர்மானிப்பது 1 − எக்ஸ்² மட்டும்தான். எக்ஸ் = 1, எக்ஸ் = −1 என்ற இரண்டு இடங்களில் பூச்சியம். கீழே வி² நிற்பதன் நல்ல பலன் இது.

இரண்டாம் வகைக்கெழு கேட்டா மறுபடியும் முழு விதியா? பக்கம் பக்கமா போகுது.

சார்பு வடிவிலேயே விடை வேண்டுமென்றால், முதல் விடையை நன்றாகச் சுருக்கிவிட்டு மறுபடி விதியைப் போடுங்கள். ஒரு புள்ளியில் மட்டும் வேண்டுமென்றால் குறுக்குவழி உண்டு. வருவிக்கும்போது எழுதிய யு = க்யூ × வி என்பதை இரண்டு முறை வகையிடுங்கள்: யு″ = க்யூ″ × வி + 2 × க்யூ′ × வி′ + க்யூ × வி″.

முந்தைய கேள்வியின் எக்ஸ் / (எக்ஸ்² + 1), எக்ஸ் = 1 இல் பெருமமா சிறுமமா என்று பார்ப்போம். அங்கே க்யூ = 1/2, க்யூ′ = 0, வி = 2, வி″ = 2, யு″ = 0. போட்டால் 0 = 2 × க்யூ″ + 0 + 1. க்யூ″ = −1/2, குறை எண். எக்ஸ் = 1 இல் பெருமம், அதன் மதிப்பு 1/2.